ஒட்டுக்குள் போன மேடு

இரண்டு வரைபடத் தாள்களைப் பசை போட்டு ஒட்டி ஒன்றாக்கி வைத்திருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓரத்தைக் கோணல்மாணலாக வெட்டியிருப்பார்கள். பசை வழிந்து மஞ்சள் பூத்திருக்கும். கட்டங்களுக்கு எண் போட்டிருக்கிற விளிம்பைத்தான் முதல் வேலையாகக் கத்தரித்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். வெயிலில் காய்ந்து, மலை மலையாக ஏறி இறங்கி யாரோ அளந்து போட்ட எண்கள் அவை. 'போருக்குப் போகிற அவசரம், என்ன செய்வது' என்று யாராவது நியாயம் பேசினால், அவசரத்தில் சட்டையைக் காலில் மாட்டிக்கொண்டா போனார்கள் என்று கேட்பேன். நில அளவைத் துறையில் பழைய வரைபடங்கள் இருக்கிற அறை என்னுடையது. என் வாய்க்குப் பயந்தே பலர் உள்ளே வருவதில்லை. எனக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும்.

கர்னல் மட்டும் பயப்படவில்லை. ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் ஊரே அவரைக் கர்னல் என்றுதான் கூப்பிட்டது. கக்கத்தில் இடுக்கியிருந்த சுருளை என் மேசை மேல் விரித்து, நான்கு மூலையிலும் என்னுடைய சாமான்களையே பாரமாக வைத்தார். பார்த்தால், ஒட்டுப்போட்ட வரைபடம்.

"அன்னைக்குப் போர்ல எங்க தலைமையகச் சுவர்ல தொங்கினது இதுதான். எந்தப் படை எங்க நின்னுச்சுன்னு எல்லாம் பென்சில்ல குறிச்சிருக்கு. அதை இப்ப உள்ள மேப்ல ஏத்தித் தரணும். போர் நினைவுக்கல்லுக்குப் பக்கத்துல பெரிய பலகையா வைக்கப்போறோம்."

"நாலாவது கம்பெனியும் பலகையில வருமா சார்?"

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "உங்க சித்தப்பா அதுல இருந்தார்னு எனக்குத் தெரியும்மா. அதனாலயே இந்த வேலையை உங்ககிட்டக் குடுக்க வேணாம்னு கமிட்டியில சொன்னாங்க. நான்தான் குடுக்கச் சொன்னேன். எனக்கு மேப் சரியா வரணும்."

"கேட்டதுக்குப் பதில் வரலையே."

"வராது. பலகையிலயும் இல்ல, கல்லுலயும் இல்ல. அவங்களுக்கு உதவிக்குன்னு மறுநாள் அந்த மேட்டுக்குப் போனவனே நான்தான். அப்பத்தான் அதிகாரியாப் படையில சேர்ந்திருந்தேன். மேட்டுல ஒருத்தரும் இல்ல. ஒரு குழிகூட வெட்டல. கண்ணால பார்த்ததை எப்படிம்மா மாத்திச் சொல்றது?" குரலில் கோபம் இல்லை. "நீங்க மேப்பைக் காட்டினா ஏத்துக்கறேன். மனசைக் காட்டினா என்னால முடியாது."

நேர்மையான ஆளிடம் சண்டை போடுவது கஷ்டம். கல்தச்சர் அடுத்த வாரம் உளியைக் கையில் எடுப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர்களை வெட்டி முடித்துவிட்டால் கல்லில் பிறகு எதையும் நுழைக்க முடியாது.

எங்கள் வீட்டுக் கதை இதுதான். எதிரி மலைப்பக்கமிருந்து கணவாய் வழியாக வரப்போகிறான் என்று தெரிந்ததும், அதைத் தடுக்க நாலாவது கம்பெனி என்ற படைப்பிரிவை அனுப்பினார்கள். என் அம்மாவின் தங்கை புருஷன், கல்யாணமாகி வருஷம் திரும்பாதவர், அதில் போனார். நிலையெடுத்துவிட்டோம் என்று வயர்லெஸ்ஸில் ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை, ஓர் ஆளும் வரவில்லை. மேடு காலியாகக் கிடந்தது என்று அறிக்கை போனது. 'ஓடிப்போன கம்பெனி' என்று பெயர் விழுந்தது.

சித்தி சந்தைத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். என் சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டதால் நான் வளர்ந்தது அந்தக் கடையின் வெட்டுமேசைக்கு அடியில்தான். 'ஓடிப்போனவன் பெண்டாட்டி' என்று யாராவது ஜாடை பேசினால் சித்தி தையலை நிறுத்தாமலே பதில் சொல்வாள்: "ஓடினவர் வீட்டுக்குத்தானே ஓடி வருவார்? வரலையே." அதோடு சரி, அழமாட்டாள், சண்டைக்கும் போகமாட்டாள். நான் வரைபட வேலையில் சேர்ந்த அன்று மட்டும் ஒன்று கேட்டாள். "ஓடினாரா நின்னாரான்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. எங்க நின்னாருன்னு மட்டும் ஒருநாள் கண்டுபிடிச்சுச் சொல்லு."

நாலாவது கம்பெனி போன மறுநாள் ஊரே காலி செய்துகொண்டு ஆற்றோரச் சாலையில் நடந்து, பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனது. விடிவதற்குள் எதிரி வந்துவிடுவான் என்று சொல்லியிருந்தார்கள். அன்று முழுவதும் அவன் வரவில்லை. கடைசி மாட்டுவண்டியும் பாலத்தைத் தாண்டிய பிறகு, அதற்கும் மறுநாள்தான் வந்தான். ஏன் தாமதித்தான் என்று யாருக்கும் தெரியாது. சேறு என்று வரலாற்றுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. சித்தி இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வாள். "உங்கம்மா வயித்துல உன்னைச் சுமந்துக்கிட்டு வந்தா. நான் தலையில மெஷினைச் சுமந்துக்கிட்டு வந்தேன். ரெண்டுல மெஷின்தான் இன்னைக்கு வரைக்கும் உருப்படியா உழைக்குது."

கர்னல் போனதும் வேலையைத் தொடங்கினேன். பழைய வரைபடத்தைப் புதியதன் மேல் பொருத்துவதற்கு, இரண்டிலும் மாறாமல் இருக்கிற இடங்களைப் பிடிக்க வேண்டும். ஆற்றின் வளைவு, பாலம், ரயில்வே கேட், மலை உச்சிகள். பழைய தாளை ஸ்கேன் செய்து, கணினியில் அந்த இடங்களில் ஆணியடித்தது மாதிரி ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனால் தாள் தானாக நிலத்தின் மேல் படிந்து உட்காரும். பழைய தாள்கள் கொஞ்சம் சுருங்கியிருக்கும், கொஞ்சம் நீண்டிருக்கும். அதெல்லாம் தாஜா செய்தால் வழிக்கு வந்துவிடும்.

இது வழிக்கு வரவில்லை. ஆற்றுப் பக்கத்தைப் பொருத்தினால் கணவாய் விலகியது. கணவாயைப் பிடித்து உட்கார வைத்தால் பாலம் ஆற்றை விட்டு வயலுக்குள் போய் நின்றது. என் குறிப்புகள்தான் தப்பு என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அதே கதைதான். இடது பாதி தனியாக அச்சாகப் பொருந்தியது. வலது பாதியும் தனியாக அச்சாகப் பொருந்தியது. இரண்டும் சேர்ந்து மட்டும் பொருந்தமாட்டேன் என்றன, முறைத்துக்கொண்ட சம்பந்திகளைப் போல.

கடைசியில் இரண்டு பாதிகளையும் திரையில் தனித்தனியாக வெட்டி, அவரவர் இடத்தில் உட்கார வைத்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. வடக்கிலிருந்து தெற்கு வரைக்கும், இரண்டு விரல் அகலத்துக்கு, பழைய வரைபடத்தில் நிலமே இல்லை.

தையல் கடையில் வளர்ந்தவளுக்கு இது புரிய நேரமாகாது. துணி எங்கேயும் தொலைவதில்லை. மடிப்புக்குள் போயிருக்கும்.

மேசையில் கிடந்த அசல் தாளை ஓடிப்போய் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒட்டில் இரண்டு தாள் கனம், சந்தேகமே இல்லை. என்ன நடந்தது என்பதும் தெரிந்தது. அந்த மலைச்சாலை வளைந்து வளைந்து போகிறது. ஒரு வளைவு மாதிரியே அடுத்த வளைவும் இருக்கிறது. ஒட்டினவர் வலது தாளை நகர்த்திக்கொண்டே வந்து, சாலையோடு சாலை சேர்ந்ததும் சரி என்று அழுத்திவிட்டார். அது தப்பான வளைவு. வலது தாள் இடது தாளின் மேல் இரண்டு விரல் அகலம் ஏறி உட்கார்ந்துவிட்டது. கட்ட எண்கள் இருந்திருந்தால் ஓர் எண் தாவியிருப்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். விளிம்பைத்தான் வெட்டி எறிந்துவிட்டார்களே. சாலை அறுபடாமல் அழகாக ஓடியது. மேலே பென்சிலால் குறித்த அத்தனை அதிகாரிகளும் அதை நம்பினார்கள்.

கர்னலை வரச்சொன்னேன். அவர் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று தோன்றியது.

ஒட்டின் மேல் ஈரமான ஒற்றுத்தாளை வைத்து, அதன் மேல் கண்ணாடிப் பலகையை வைத்துக் காத்திருந்தோம். பழைய பசை மாவுப்பசை. ஈரம் பட்டால் மனமிரங்கும். மெல்லிய எலும்புக் கத்தியை உள்ளே விட்டு, மேல்தாளை மூச்சுவிடாமல் மேலிருந்து கீழாக நெம்பிக்கொண்டே வந்தேன். கர்னல் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். தாள் முழுவதும் எழும்பியதும் அதை இரண்டு விரல் வலப்பக்கம் நகர்த்தி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.

சுற்றிலும் வரைபடம் வெயில் தின்று, விரல்கள் தேய்த்து, தேநீர்க் கறை பிடித்துச் சாம்பல் பூத்துக் கிடந்தது. நடுவில் அந்தப் பட்டை மட்டும் அச்சகத்திலிருந்து அன்று காலை வந்தது மாதிரி இருந்தது. காடு பச்சையாக இருந்தது. ஓடை நீலமாக இருந்தது. பழுப்பு நிறத்தில் உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி ஏறி, வடக்கிலிருந்து தெற்காக ஒரு நீண்ட மேடு கிடந்தது. ஒருவர் விரலும் அதன் மேல் பட்டதில்லை. சண்டை நடந்த நாளிலும் அது இந்த இருட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. எத்தனையோ வரைபடங்களைக் கையாண்டிருக்கிறேன், கண்ணில் நீர் வந்தது அன்றைக்குத்தான்.

கர்னல் விரலை நீட்டினார். தாளில் படாமல், ஆற்றிலிருந்து ஒவ்வொரு மேடாக நகர்த்தினார். ஒன்று. இப்போது வெளிப்பட்ட இரண்டு. மூன்று. மூன்றாவதன் மேல்தான் 'நாலு' என்று பென்சில் குறி இருந்தது.

"இடத்தோட நம்பரைச் சொன்னா எதிரி ஒட்டுக் கேட்டுடுவான்னு அடையாளம் சொல்லித்தான் உத்தரவு போகும்," என்றார். "நான் அந்த ரூம்லதான் இருந்தேன். 'ஆத்துலேருந்து ரெண்டாவது மேடு.' அப்படித்தான் போச்சு."

"உங்க சுவர் மேப்ல பார்த்தா மூணாவதுதான் சார் ரெண்டாவது. தரையில நடக்கிறவனுக்கு ரெண்டாவதுதான் ரெண்டாவது. தரையில யாரும் பசை போடல."

கர்னல் விரலை எடுத்தார். "நாங்க போனது இந்த மேப்பை நகல் எடுத்து, நாலுன்னு குறி இருந்த மேட்டைத் தேடி," என்றார். "பனி மூடியிருந்துச்சு. பக்கத்துல எங்கயோ வெடிச்சத்தம் கேட்டுச்சு. அக்கரைல பீரங்கின்னு நினைச்சோம்." நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஆனாலும் அவர் கர்னல்தான். "அவங்க ரெண்டாவது மேட்டுக்குப் போயிருக்கலாம்னுதான் இது சொல்லுது. போனாங்கன்னு சொல்லல."

"சொல்லல," என்று ஒப்புக்கொண்டேன். அந்த மனிதரை அந்த நிமிஷத்தில் எனக்குப் பிடித்துப்போனது.

போர் முடிந்ததும் புது அளவைக்காக விமானத்திலிருந்து எடுத்த படங்கள் எங்களிடம் உண்டு. அந்தப் பகுதியின் படத்தை எடுத்து வைத்துப் பூதக்கண்ணாடியைக் குனிந்து பிடித்தேன். மூன்றாவது மேடு வழுக்கையாக இருந்தது. இரண்டாவது மேட்டின் முதுகில், மரங்களுக்கிடையே, மெலிசாக ஒரு கோடு போனது. நேராக அல்ல, ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து. ஓடை அப்படிப் போகாது, ஒற்றையடிப் பாதையும் அப்படிப் போகாது. ஆட்கள் உட்கார்ந்து சுடுவதற்கு வெட்டிய குழி அது. இத்தனை வருஷம் என் அலமாரியில், என் கைக்கு எட்டுகிற தட்டில் அது இருந்திருக்கிறது.

"குழிதான். யார் குழி?" என்றார் கர்னல். "நமக்கு அப்புறம் எதிரியும் அங்க உட்கார்ந்திருக்கலாம்."

"எந்தப் பக்கம் பார்த்து வெட்டியிருக்குன்னு போய்ப் பார்த்துடலாமே."

அந்த மலைப்பக்கம் முழுக்க மிதிவெடி புதைத்திருந்ததால் போருக்குப் பிறகு அதுவரை யாரும் ஏறியதில்லை. மிதிவெடி எடுக்கிறவர்கள் அந்த வருஷம்தான் வேலையை முடித்து, வெள்ளைக் கற்களால் பாதை குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்குக் குழி என்றால் குழி. எது யாருடையது என்பது அவர்கள் வேலை அல்ல. கர்னல் அனுமதி வாங்கினார். கல்தச்சர் வருவதற்கு முந்தைய நாள் கிளம்பினோம்.

சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டாள். முடித்து நூலைக் கடித்தாள். "நானும் வரேன்," என்றாள்.

"முழங்கால் வலிக்குதுன்னு மாடிப்படி ஏறமாட்டேங்கற. மேட்டுல ஏறுவியா?"

"மாடியில எனக்கு யாரும் இல்ல."

ஜீப்பில் கர்னல் முன்னால் உட்கார்ந்திருந்தார். அறிக்கை எழுதியவர் அவர்தான் என்று சித்திக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பாதி வழியில் சித்தி முன்பக்கம் சாய்ந்து, "இந்தத் தடவையாவது சரியான மேட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவீங்களா?" என்றாள். கர்னல் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்தது கேலிதான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இன்னைக்கு மேப் பார்க்கிறது நான் இல்லம்மா," என்றார்.

வெள்ளைக் கற்களுக்கு நடுவே ஏறினோம். சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினாள். என் கையில் இருந்த கருவியில் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் பழைய வரைபடம், அந்தப் புதுப் பச்சைப் பட்டை, அதன் மேல் விமானப் படத்திலிருந்து நான் வரைந்த பல் பல்லான கோடு. புள்ளி கோட்டைத் தொடப்போகும்போது நின்றேன். எதிரே புல்தான் இருந்தது. இன்னும் இரண்டடி வைத்தேன். புல்லோடு கால் உள்ளே இறங்கியது.

குழி. பாதி மண் தூர்ந்து, புல் மூடி, இடுப்பளவுக்கு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தரை மடிந்து மடிந்து மரங்களுக்குள் போனது, நான் வரைந்த அதே மடிப்புகளோடு. அறைக்குள் உட்கார்ந்து காகிதத்தில் போட்ட கோடு காலுக்கடியில் பள்ளமாக இருந்தது. கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

தோண்டிய மண்ணை ஒரே பக்கமாகக் குவித்திருந்தார்கள். கணவாய்ப் பக்கம். கர்னல் அந்தக் கரையைக் கையால் தடவிக்கொண்டே போனார். எதிரி வெட்டிய குழியாக இருந்தால் மண் ஆற்றுப் பக்கம் குவிந்திருக்க வேண்டும். மண்ணுக்குள் பச்சை பூத்த தோட்டாக் கூடுகள் கை கையாக வந்தன. அவர் ஒன்றைத் துடைத்து அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நம்முது," என்றார். அப்புறம் ஒரு மடிப்பின் மூலையில் குனிந்து, துருப்பிடித்த சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்தார். விளிம்பில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எண் போட்டிருந்தது. படையின் எண், பக்கத்தில் நாலு.

அவர் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தொப்பியைக் கழற்றினார். பிறகு தொலைபேசியை எடுத்துக் கல்தச்சரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு உளி வைக்காதீங்க. ஒரு கம்பெனி விட்டுப்போச்சு. ஆமா, முழுக் கம்பெனி." எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "இடம் போதலைன்னா வேற கல்லு பாருங்க. விட்டுப்போனது என்னாலதான்னு கமிட்டியில நான் சொல்லிக்கறேன்."

சித்தி இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்துக் குழிக்குள் இறங்கியிருந்தாள்.

"எந்தப் பக்கமிருந்துடி வந்தாங்க?"

கணவாயைக் காட்டினேன். மண்கரையில் கைகளை ஊன்றி, அவர்கள் பார்த்த திசையில் பார்த்தாள். எங்கெங்கும் காடு. காற்று இல்லை. எத்தனை பேர் அந்தக் கரையில் கை ஊன்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். வயர்லெஸ் செத்துப்போய், உதவிக்கு வந்தவர்கள் அடுத்த மேட்டில் ஏறி இறங்கிப் போய், பனிக்குள் தங்களைத் தேடி யாரும் வராமல், அப்படியும் ஒரு பகல் முழுக்க அந்தக் கணவாயை மூடி வைத்திருக்கிறார்கள். சேறு என்று எழுதிவிட்டார்கள்.

சித்தி திரும்பினாள். குழியின் பின்பக்கம் சரிவு திறந்து கிடந்தது. கீழே ஆறு, ஆற்றை ஒட்டிச் சாலை, தூரத்தில் பாலம். ஒரு லாரி எறும்பு மாதிரி ஊர்ந்து போனது.

"அது எந்த ரோடு?"

"ஆத்தோர ரோடுதான் சித்தி."

"நாங்க போன ரோடா?"

"அதேதான். இங்கேருந்து பாலம் வரைக்கும் தெரியுது."

அவள் வெகுநேரம் அந்தச் சாலையையே பார்த்தாள். லாரி பாலத்தைத் தாண்டி மறைந்தது. மறுபடி கணவாய்ப் பக்கம் பார்த்தாள், மறுபடி சாலையை. பிறகு சித்தப்பாவின் தோளைத் தொடுகிற மாதிரி மண்கரையில் கையை வைத்தாள்.

"அப்ப ஓடினது நான்தான்டி," என்றாள். "மெஷினையும் தூக்கிக்கிட்டு. அவரு இங்கயேதான் இருந்திருக்காரு."